அப்ரூவல் வாங்காத டெஸ்க்டாப்

கார்த்திகை பிறக்கிற திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்கே வேலைக்குப் போய்விடுகிறேன் என்று சுபஸ்ரீ சொன்னபோது, குகன் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சூப்பர்வைசர் அக்காகிட்டப் பேசிட்டனுங்க. செக்கிங்ல ஆள் வேணுமாமா. என்ர பழைய டேபிளே தர்றாங்களாமா."

"காலு வலிக்குமே?"

"வலிச்சா வலிக்கட்டும். இந்தக் கம்ப்யூட்டர் யாவாரமெல்லாம் நமக்கு ஒத்து வரலீங்க. எனக்கு அந்த அளவுக்குப் புத்தி பத்தலை."

கோபமாகச் சொல்லவில்லை. சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பான், கணக்கு நேராகியிருக்கும். அவள் தன் புத்தியைக் குறை சொன்னாள். குறை அவள் புத்தியில் இல்லை. அவன் செய்த வேலையில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததும் அல்ல. தீபாவளி முடிந்த வாரத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான்.

குகன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். தறிச் சத்தத்தில் காது போகும் முன்னால் ஓடி வந்துவிடலாம் என்று பள்ளிக்கூடம் முடித்த கையோடு திருப்பூர் வந்தான். ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்தான். இன்றைக்கு அதே ரூமுக்கு அவன்தான் பொறுப்பு.

சாம்பிள் ரூம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு படம் அனுப்புவான். அந்தப் படத்தைப் பார்த்து ஒரே ஒரு பனியன் தைத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அவன் அளப்பான், துவைப்பான், இழுத்துப் பார்ப்பான், ஆளுக்குப் போட்டுப் பார்ப்பான். கழுத்து இறுக்கம் என்பான். திரும்பத் தைக்க வேண்டும். கடைசியில் ஒருநாள் 'அப்ரூவ்டு' என்று சீட்டுக் கட்டி அந்தப் பனியன் திரும்பி வரும். அது வருகிற வரைக்கும் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தாலும் கத்திரி வைக்கக்கூடாது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதைவிட அப்ரூவல் வந்துச்சா என்றுதான் அந்த ரூமில் அதிகம் கேட்பார்கள். குகன் இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அப்ரூவல் வராமல் கட்டிங்குக்கு விட்டதில்லை. ஊருக்குள் அவனுக்கு இருந்த பேரே அதுதான்.

சுபஸ்ரீயும் அதே கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங்கில் இருந்தவள். பார்த்துப் பிடித்துப் போனது. இரண்டு வீட்டிலும் சென்னிமலை முருகனைக் கும்பிடுகிறவர்கள். பெரிதாகச் சண்டை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் செக்கிங் டேபிளில் காலையிலிருந்து இருட்டும் வரை நின்றாள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. இனி நிற்காதே என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலையை விட்டாள். விட்டவள் சும்மா இருக்கவில்லை. காதர்பேட்டைக்குப் போய் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் குழந்தைகள் துணியாகப் பொறுக்கி எடுத்து வருவாள். வீட்டில் வைத்துப் படம் எடுப்பாள். வாட்ஸ்அப்பில் போட்டு விற்பாள். தாராபுரம், பொங்கலூர், பல்லடம் என்று பெண்களே வாங்கினார்கள், பெண்களே அடுத்த பெண்களுக்குச் சொன்னார்கள். அந்த வியாபாரத்துக்கு அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் இருந்தது. கம்பெனியில் கழித்துப் போட்டதைக் குகன் வாங்கி வந்து கொடுத்தது.

அந்த லேப்டாப்பைத் திறந்தால் திரை முழுக்கப் படங்கள். சிவப்பு ஃபிராக், மஞ்சள் பாபா சூட், கோடு போட்ட டவுசர். எதற்கும் பேர் கிடையாது. போனிலிருந்து வந்த நம்பரே பேர். குகனுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்புள்ள, சந்தக்கடையாட்ட வெச்சிருக்க? ஃபோல்டர் போட்டு அடுக்கினா என்ன?"

"எனக்குத் தெரியுமுங்க எது எங்க இருக்குதுன்னு."

"நடுவுல அத்தனை எடம் காலியாக் கெடக்குது. அங்க வெக்கறது?"

"அது அப்படித்தானுங்க இருக்கோணும்."

ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்று செய்தி வந்தது. புது விண்டோஸ் அந்தக் கிழட்டு லேப்டாப்பில் ஏறாது. குகனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவனுக்கு லினக்ஸ் பைத்தியம் ரொம்ப நாளாக உண்டு. யூடியூப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவன். லினக்ஸில் உள்ளே இருக்கிற என்ஜின் ஒன்று. வெளியே கண்ணுக்குத் தெரிகிற முகப்பு வேறு. அந்த முகப்பைத்தான் டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்கிறார்கள். துணி ஒன்று, அதில் ஒருத்தன் காலர் வைத்துத் தைக்கிறான், ஒருத்தன் வட்டக் கழுத்து தைக்கிறான், அந்த மாதிரி. இதில் இன்னொரு வசதி, பென்டிரைவில் போட்டுச் செருகினால் லேப்டாப்பில் எதையும் மாற்றாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் சாம்பிள்தான். பிடிக்காவிட்டால் உருவிவிட்டு அடுத்ததைச் செருகலாம்.

குகன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். கேடிஇ பார்த்தான், பொத்தான்கள் ஏராளம். சின்னமன் பார்த்தான், பழைய விண்டோஸ் ஜாடை. அதற்கு எதற்கு லினக்ஸ் என்று தள்ளினான். எக்ஸ்எஃப்சிஇ பார்த்தான், லேசாக ஓடியது, ஆனால் சாம்பல் நிறத்தில் ரேஷன் கடை மாதிரி இருந்தது. கடைசியில் க்னோம். பளிங்குத் தரையைத் துடைத்துவிட்டது போல் திரை. மேலே ஒரு சின்னப் பட்டை. டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்கூட இல்லை. வைக்கவும் விடாது. அதுதான் அவனுக்குப் பிடித்தது. சந்தைக்கடைக்கு இனி வழியில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பிளை ஓட்டிப் பார்த்தது அவன். அளந்தது அவன். அப்ரூவ் பண்ணியது அவன். போட்டுக்கொள்ளப் போகிறவள் பக்கத்து அறையில் பாபா சூட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். கேட்டானா? கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் சுபஸ்ரீ அவள் அக்காவோடு சென்னிமலைக்குப் போனாள். அந்தப் பகலில் குகன் வேலையை முடித்தான். அவளுடைய படங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வெளி டிஸ்க்கில் எடுத்தான், எண்ணிக்கை சரிபார்த்தான், விண்டோஸை அழித்தான், க்னோமை ஏற்றினான், படங்களைத் திரும்ப ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்கு 'சுபா' என்று பேர் வைத்தான். திரையில் முருகன் படம். பக்கத்தில் ஊதுபத்திகூடக் கொளுத்தினான்.

மலையிலிருந்து திருநீறோடு வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"எங்கீங்க எல்லாம்?"

"பத்திரமா இருக்குது. ஒண்ணுகூடப் போகலை. இங்க அமுத்து, ஃபோல்டர் வரும். எப்படி இருக்குது?"

அவள் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

தீபாவளி வாரம் என்றால் அவளுக்குப் போன் ஓயாது. பொங்கலூரிலிருந்து சுப்பாத்தாள் என்கிற அம்மா கூப்பிட்டார். இரட்டைப் பேத்திகள். இரண்டுக்கும் ஒரே மாதிரி பாவாடை சட்டை வேண்டும். சுபஸ்ரீ ஃபோல்டரைத் திறந்தாள். நம்பர் வரிசையில் படங்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. இருக்கிற சரக்கு, விற்ற சரக்கு, பழுதுள்ள சரக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நின்றன. ஆறு படம் அனுப்பினாள். சுப்பாத்தாள் பச்சையில் மாம்பழ பார்டர் வைத்ததைத் தேர்ந்தெடுத்து, நேரிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பஸ் ஏறி வந்துவிட்டார். பச்சை எப்போதோ விற்றுப் போனது.

"ஏனம்மிணி, இல்லாததை எதுக்குப் படம் போட்டுக் காட்டறே?" சுப்பாத்தாள் வாசலிலேயே நின்று கேட்டார். "கொழந்தைககிட்டப் படத்தக் காட்டிப்போட்டு வந்திருக்கறேன். வெறுங்கையோட போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கறது? உன்னைய நம்பி வேற கடைக்கும் போகலையே சாமி."

சுபஸ்ரீ வேறு நிறம் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது குகன் வாயைத் திறந்தான். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒரு ஃபோல்டரைப் பாத்து எடுக்கறதுக்குக்கூட உனக்குப் பழக முடியலையா? சின்னக் கொழந்தைகூட ஓட்டும் இதை."

சுபஸ்ரீ லேப்டாப்பை மூடினாள். அன்றைக்கு இன்னும் இரண்டு பேருக்கு அதே மாதிரி தப்பாகப் படம் போய்விட்டிருந்தது. அவர்களும் கூப்பிட்டுப் பேசினார்கள். தீபாவளி முடிந்ததும் லேப்டாப்பை ஒரு டவலில் சுற்றி பீரோ மேலே ஏற்றி வைத்தாள். டவலை நான்கு மூலையும் மடித்துச் சுற்றியிருந்தாள், சரக்கு பேக் பண்ணுவது போல.

லீவு முடிந்து கம்பெனி ஓட ஆரம்பித்த வாரம். சாம்பிள் ரூமில் குகன் போனில் கத்திக்கொண்டிருந்தான். எதிர்முனையில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிற சுப்பண்ணன். அப்ரூவல் வருவதற்கு முன்னால் மொத்தத் துணியையும் பிரிண்ட் அடித்து முடித்துவிட்டார்.

"யாரைக் கேட்டுங்க ஓட்டுனீங்க?"

"ஆளுக லீவு முடிஞ்சு வந்துட்டாங்க சார், சும்மா உக்கார வெக்க முடியுங்களா? நான் பாத்தனுங்க, அருமையா இருந்துச்சு."

"ஏனுங் சுப்பண்ணா, அருமையா இருக்குதுன்னு யாருங்க சொல்லோணும்? அடிச்ச நீங்க சொல்லோணுமா, போட்டுக்கப் போறவன் சொல்லோணுமா?"

"பையர் அன்னைக்கு வந்தப்ப நல்லா இருக்குதுன்னு சொன்னாருங்களே சார். நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க."

"அது மரியாதைக்குச் சொல்றதுங்க! நாம ஆசையாக் கொண்டுபோயி மூஞ்சிக்கு நேரா நீட்டுனா எவனா இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். அதெல்லாம் அப்ரூவல் ஆகுமா?"

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது. போன் காதிலேயே இருந்தது. எதிர்முனையில் சுப்பண்ணன் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

கட்டிங் மாஸ்டர் பாண்டித்துரை தேனிப் பக்கத்து ஆள். டேபிளுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீக? அவரு ஒங்களத் திட்டுனாரா?"

"இல்ல. நாந்தான் அவரைத் திட்டினேன்."

"அப்ப அவருல்லண்ணே இப்பிடி நிக்கணும்!"

குகன் சிரிக்கவில்லை. நல்லா இருக்குதுங்க என்று சுபஸ்ரீ சொன்னது காதில் கேட்டது. முருகன் படத்தையும் ஊதுபத்தியையும் வைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக நின்று வாங்கிய அப்ரூவல்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் சரக்கெடுக்கக் காதர்பேட்டைக்குப் போகவில்லை. அக்கா வீட்டில் விசேஷம் என்று போனாள். குகன் லேப்டாப்பை இறக்கினான். சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிடலாம் என்பது திட்டம். க்னோமில் ஐகான் வர ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டான். படங்கள் திரைக்கு வந்தன. வரிசையாக வந்தன. எது எங்கே இருந்தது? படங்களைக் காப்பி எடுத்தபோது எல்லாம் வந்தது. இடம் மட்டும் வரவில்லை. அது விண்டோஸோடு சேர்ந்து அழிந்துபோனது. அவனுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில் காலி இடம்.

அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. செக்கிங் டேபிள். இடது கைப்பக்கம் இன்னும் பார்க்காத சரக்கு இருக்கும். நடுவில் ஒரு பீஸை விரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு இடம் காலியாக இருந்தே ஆக வேண்டும். பார்த்துச் சரியென்றால் வலது பக்கம். சின்னப் பழுதென்றால் வலது பக்கம் கீழே. எத்தனையோ வருஷம் அந்த டேபிளில் நின்ற கை அது. வீட்டுக்கு வந்த பிறகும் திரையை அப்படித்தான் பிரித்திருந்தது. தினமும் அந்த டேபிள்களைத் தாண்டித்தான் குகன் சாம்பிள் ரூமுக்குப் போகிறான். அவன் கண்ணுக்கு அது சந்தைக்கடையாகத் தெரிந்தது.

லேப்டாப்பை மறுபடி டவலில் சுற்றி பீரோ மேலேயே வைத்தான். அவள் மடித்திருந்த மாதிரி அவனுக்கு மடிக்க வரவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம். அடுத்த நாள் ஷிப்மெண்ட். அதற்கடுத்த நாள் அவளுக்குத் தலைவலி. இப்படியே நாட்கள் ஓடின. அவளாக மறந்துவிடுவாள் என்றுகூட ஒருநாள் நினைத்தான். இதைவிடக் கேவலமான நினைப்பு வேறு இல்லை, நினைத்தான் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் மறக்கவில்லை. தனக்குப் புத்தி பத்தவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். கம்பெனிக்குப் போகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதார்தான் கொடியில் முதலில் தொங்கியது. வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டிருந்தாள். குகன் படியேறிப் போய் நின்றான். அவள் பேச முடியாத நேரமாகப் பார்த்து வந்தானா என்றால், அதுவும் கொஞ்சம் உண்டு.

"சுபா, உனக்குப் புத்தி பத்தலைன்னு சொன்னீல்ல. அது இல்ல. நாந்தான் கெடுத்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ செக்கிங் டேபிளாட்டப் பிரிச்சு வெச்சிருந்த. நான் அழிச்சப்ப அந்த எடமெல்லாம் போயிருச்சு. படம் வந்துச்சு, எடம் வரலை. எது வித்தது எது விக்காததுன்னு அதுல பாத்தா யாருக்குமே தெரியாது. எனக்கே தெரியாது. இது எனக்கு தீவாளி முடிஞ்சப்பவே தெரியும்."

அவள் ஒரு கிளிப்பை எடுத்து சட்டைக்குப் போட்டாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்களா?"

"ஆமா."

"நான் கம்பெனிக்குப் போறேன்னு சொன்னப்பவும்?"

"ஆமா."

"பொங்கலூரம்மா வாசல்ல நின்னு பேசுனாங்க. நான் தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னேன். நீங்களும் அவங்ககூடச் சேந்துட்டுத்தானுங்க பேசுனீங்க? சின்னக் கொழந்தைகூட ஓட்டும்னு?"

"நீ நல்லா இருக்குதுன்னு சொன்னதால..." என்று தொடங்கினான். தொடங்கும்போதே தப்பென்று தெரிந்தது.

அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"ஏனுங்க, ஊதுபத்தி ஏத்தி வெச்சுப்போட்டு எம்மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்க. அந்நேரத்துக்கு நல்லா இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது? முருகன் வேற பாக்கறாரு."

கீழே தெருவில் வேஸ்ட் துணி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது. ஓட்டி வந்த பையன் போனில் இந்தியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே போனான்.

"இப்ப என்னுங்க பண்ணலாங்கறீங்க?"

"சாம்பிள் காட்டறேன். நீ பாரு. உனக்குப் புடிச்சதைச் சொல்லு. எதுவும் புடிக்கலைன்னாலும் சொல்லு."

"கட்டிங் முடிஞ்சு, தெச்சு முடிஞ்சு, கிழிஞ்சும் போச்சு. இப்பத்தான் சாம்பிளாக்கும்!" வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். "நான் பாக்கறப்ப நீங்க பக்கத்துல நிக்கக்கூடாது."

பென்டிரைவைச் செருகி ஓட விட்டுவிட்டு அவன் சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தான், அவள் சொன்னால் மட்டும் வந்து அடுத்ததை மாற்றிவிட்டுப் போக. போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மறக்காமல் சொன்னான். "இது சாம்பிள். நீ என்ன அடுக்கினாலும் ஆஃப் பண்ணினா அழிஞ்சுரும்."

"சாம்பிள்னா இழுத்தும் பாக்கலாமில்லீங்க, கிழியட்டுமே" என்றாள்.

இழுத்துத்தான் பார்த்தாள். கேடிஇயில் கொஞ்ச நேரம் எதையெதையோ தொட்டாள். மெனு ஒன்று விரிந்து அதற்குள் இன்னொன்று விரிந்தது. "இது எதைத் தொட்டாலும் என்ன வேணும் என்ன வேணும்னு கேக்குது. ஒறம்பரைச் சனம் வந்த ஊடாட்ட இருக்குது. அடுத்தது." சின்னமன் பரவாயில்லை என்றாள், ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப் அதில் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு வாங்கியது. க்னோமைத் திரும்பக் காட்டட்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"அது வேண்டாங்க. அதைப் பாத்தா கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கப்பறம் மண்டபம் இருக்குமில்ல, அப்படி இருக்குது."

கடைசியில் அந்த ரேஷன் கடை. எக்ஸ்எஃப்சிஇ. குகன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பில் வைத்த பருப்பு வெந்து, அவன் எழுந்து அடுப்பை அணைத்து, திரும்ப வந்து உட்கார்ந்த பிறகும் மவுஸ் சத்தம் நிற்கவில்லை.

"ஏனுங்க."

"சொல்லு."

"நாஞ்சொல்ற எடத்துல வெச்சா அங்கயே நிக்குமா இது? தானா வரிசை கட்டாதா?"

"கட்டாது."

"நாளைக்குத் தொறந்தாலும்?"

"ஏத்துனதுக்கப்பறம் நாளைக்கும் அப்படியே இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா, இல்ல நீங்களா நினைச்சுக்கறீங்களா?"

அவன் வாயெடுத்தவன் நிறுத்தினான். ஆபீஸ் லேப்டாப்பில் அதே பென்டிரைவைச் செருகி, ஒரு பழைய டிஸ்க்கில் ஏற்றி, நான்கு ஐகானைக் கோணல்மாணலாக வைத்து, அணைத்து, திரும்பப் போட்டான். கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். நான்கும் அதே இடத்தில் இருந்தன. அவள் அதையும் தானே ஒரு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

"செரி. இதை ஏத்துங்க."

"நெறமெல்லாம் கொஞ்சம் மாத்தி..."

"ஏத்துங்கன்னு மட்டுந்தானுங்க சொன்னேன்."

ஏற்றினான். பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்ததும் அவள் அவனை எழச் சொல்லிவிட்டுத் தானே அடித்தாள். என்ன என்று அவன் கேட்கவில்லை. சாயங்காலம் வரை அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பாதிக்கு மேல் நினைவில் இல்லை. மூட்டையைப் பிரித்துச் சரக்கையும் படத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பச்சையில் மாம்பழ பார்டர் வைத்த படம் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. திரையின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். விற்றுப் போனதற்கு அதுதான் இடம் என்று குகன் அப்போதுதான் தெரிந்துகொண்டான். இருட்டும் வரை பார்த்தும் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை.

"அப்ப நாளைக்குக் கம்பெனிக்கு..." என்று இழுத்தான்.

"போறனுங்க."

"இதான் செரியாயிருச்சே?"

"சூப்பர்வைசர் அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். என்னைய நம்பி இன்னொரு ஆளை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. பொங்கல் வரைக்கும் போகோணும். அதுக்குள்ள இதையும் கொஞ்சங்கொஞ்சமா அடுக்கறேன். பொங்கலுக்குப் பாக்கலாம்." பிறகு, முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள். "எம்மேலதான் தப்புன்னு நினைச்சுத்தானுங்க வாக்குக் குடுத்தேன்."

இந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு, பொங்கல் வரைக்கும் குத்திக்கொண்டிருக்க.

திங்கட்கிழமை காலையில் அவள் தூக்குப்போசியில் சோற்றைக் குகன்தான் கட்டினான். கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தது. அவள் கெண்டைக்காலில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு, செருப்பை மாட்டி, போசியை வாங்கிக்கொண்டு நடந்தாள். வலது காலைக் கொஞ்சம் பார்த்துத்தான் வைத்தாள். வேன் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றான்.

உள்ளே வந்தான். மேசையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது. அவசரத்தில் மூடாமல் போய்விட்டாள். சாம்பல் நிறத் திரை. இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல், அடியில் ஒரு வரிசை. நடுவில் காலி. வலது பக்கக் குவியலில் ஒரு மஞ்சள் பாபா சூட் மட்டும் வரிசையை விட்டுக் கோணலாகத் தள்ளி நின்றது. குகனின் விரல் தானாக மவுஸுக்குப் போனது. ஒரு இழு இழுத்தால் நேராகிவிடும்.

கையை எடுத்துக்கொண்டான். அது கை தவறி நின்றதா, அவள் வேண்டுமென்றே தள்ளி வைத்ததா என்று அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் காலுக்குச் சுடுதண்ணி வைக்க வேண்டும். அப்புறம் கேட்க வேண்டும்.